செம்மண் ஒன்றல்ல

கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்த மேட்டை வெட்டினாலும் உள்ளே சிவப்புதான். புதிய தாமான் எழும்பும் இடமானாலும் சரி, நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் இடமானாலும் சரி, புல்டோசர் இறங்கிய மறுநாளே பச்சை மறைந்து செம்மண் வெளியே தெரியும். அடுத்த மழைக்குக் கால்வாய் நீர் செம்பழுப்பாக ஓடிக் கிள்ளான் ஆற்றில் கலக்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நிறம் பழக்கமானது. பால்மரக் காட்டுப் பாதை, லயத்து வாசல், பள்ளித் திடல் எல்லாமே அந்த மண்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு ஊர் மண்ணை மறுபடி பார்ப்பது போல இருந்திருக்கும்.

மண்ணியல் கணக்கில் அது ஊர் மண் அல்ல. கோயம்புத்தூர்ச் செம்மண் ஒரு குலம், கிள்ளான் மேட்டுச் செம்மண் இன்னொரு குலம். அமெரிக்காவின் ஓக்லஹோமா புல்வெளியிலும் ஒரு செம்மண் உண்டு. அது மூன்றாவது குலம். மூன்றுக்கும் நிறம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் எதில் எது விளையும், எவ்வளவு உரம் வேண்டும், மழையில் எது கரையும் என்று கேட்டால் மூன்றும் மூன்று பதில் சொல்லும்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது?

செம்மண்ணின் நிறம் இரும்பின் நிறம். பாறையில் உள்ள இரும்புத் தாதுக்கள் காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது இரும்பு ஆக்சைடுகளாக மாறுகின்றன. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஹெமடைட் இருந்தால் மண் சிவக்கும். கோதைட் இருந்தால் மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும். இரண்டும் கலந்திருக்கும் மண்ணில் கொஞ்சம் ஹெமடைட் இருந்தாலே போதும், சிவப்பு தூக்கலாகிவிடும். ஈரமும் இலைமக்கும் மிகுந்த இடத்தில் கோதைட் எளிதில் உருவாகும். வெப்பமும் இடையிடையே வறட்சியும் உள்ள இடத்தில் ஹெமடைட்டுக்கு வாய்ப்பு அதிகம். ஆண்டு முழுக்க மழை பெறும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மேடுகள் பலவற்றில் மேல்மண் மஞ்சள் பழுப்பாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இந்த வேதியியல் ஒரு தொழிலாகவே நடந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. அதன் பிறகு செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்ற கட்டளை வந்தது. களிமண் கிடைத்த இப்பகுதியில் செங்கல் சூளைகள் பெருகின. மஞ்சள் நிறக் களியைச் சூளையில் வைத்தால் சிவந்த கல்லாக வெளிவருவது ஏன்? சூட்டில் கோதைட் தன்னுள் இருக்கும் நீரை இழந்து ஹெமடைட்டாக மாறிவிடுகிறது. இரும்பின் அளவு கூடவில்லை, அதன் வடிவம்தான் மாறியது.

ஆகவே சிவப்பைப் பார்த்து அங்கே இரும்பு ஆக்சைடு இருக்கிறது, நீர் தேங்காமல் வடிகிறது என்று சொல்லலாம். அதற்கு மேல் நிறத்தை நம்பி எதையும் சொல்ல முடியாது.

புல் வளர்த்த செம்மண்

அமெரிக்க வேளாண் துறை 1938இல் வெளியிட்ட ஆண்டு மலரில் உலக மண்களைப் பெருங்குழுக்களாகப் பிரித்தார்கள். அதில் 'சிவந்த புல்வெளி மண்' என்று ஒரு குழு இருந்தது. ஓக்லஹோமா, கன்சாஸ், டெக்சஸ் மாநிலங்களின் உயரப்புல் வெளிகளில் இருக்கும் மண் அது. மணல், வண்டல், களி மூன்றும் அளவாகக் கலந்த இருமண்பாடு. மேலே கருஞ்செம்பழுப்பு, கீழே நல்ல சிவப்பு.

அங்கே ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. மழை. புல்லின் வேர்கள் ஆண்டுதோறும் மண்ணுக்குள்ளேயே செத்து மக்கும். குளிர்காலத்தில் நுண்ணுயிர்கள் ஓய்ந்துவிடுவதால் மக்கு முழுவதும் கரைந்துபோகாமல் சேர்கிறது. மழையும் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் போன்ற காரச் சத்துகளை அடித்துச் செல்லும் அளவுக்கு இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே போனதில் கருத்த, தடித்த, சத்து நிறைந்த மேல்மண் உருவானது.

இன்றைய அமெரிக்க மண் வகைப்பாட்டில் பழைய குழுப் பெயர் இல்லை. உலக மண்கள் அனைத்தும் அதில் 12 வரிசைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இந்த மண் மோலிசால் வரிசையில் வருகிறது. மோலிசால் என்ற பெயர் கிடைக்க மேல்மண் கருத்திருந்தால் போதாது. சத்து பிடித்துவைக்கும் இடங்களில் பாதிக்கு மேல் காரச் சத்துகள் நிரம்பியிருக்க வேண்டும். அப்பகுதியின் செம்பாறைகளிலிருந்து ஆறுகள் அரித்துக்கொண்டு வந்து படியவைத்த போர்ட் என்ற மண்ணை, ஓக்லஹோமா 1987இல் தன் மாநில மண்ணாகவே அறிவித்தது.

நெருங்கிய வயதுப் பாறை, வேறு மண்

ஓக்லஹோமாவின் செம்மண்ணுக்குத் தாய்ப்பாறை பெர்மியன் காலத்து மணற்கல்லும் களிக்கல்லும். அதாவது ஏறத்தாழ 25 முதல் 30 கோடி ஆண்டுக்கு முந்தியவை. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மணற்கல்லும் களிக்கல்லும் மாறி மாறி அடுக்கிய பாறைத்தொகுதி ஒன்று இருக்கிறது. இன்று புக்கிட் துங்கு எனப்படும் கென்னி ஹில் பகுதியின் பெயரால் அது கென்னி ஹில் பாறைத்தொகுதி எனப்படுகிறது. கோலாலம்பூரின் மேற்கு, தெற்கு மேடுகளில் பரவலாகக் கிடப்பது இதுதான். கார்பனிபெரஸ், பெர்மியன் காலங்களைச் சேர்ந்தது என்பதால் வயதிலும் ஓக்லஹோமா பாறைக்கு நெருக்கம்.

பாறையின் வகை ஒன்று, வயதும் நெருக்கம். மண்ணோ அடியோடு வேறு. இதற்கான விளக்கத்தை 1941இல் ஹான்ஸ் ஜென்னி தம் நூலில் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மண்ணியலாளர் அவர். மண் என்பது தட்பவெப்பம், உயிரினம், நிலத்தின் மேடுபள்ளம், தாய்ப்பாறை, காலம் என்ற ஐந்தின் கூட்டு விளைவு என்றார். ஐந்தில் ஒன்று மாறினாலும் மண் மாறும். இங்கே மாறியவை முதல் இரண்டும்.

கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மி.மீ.க்கு மேல் மழை. சராசரி வெப்பம் 27, 28 பாகை செல்சியஸ். குளிர்காலம் என்று எதுவும் இல்லை. இந்த வெந்நீர்க் குளியலில் பாறைத் தாதுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன. முதலில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் கரைந்து போகின்றன. பிறகு சிலிக்காவும் மெல்லக் கரைகிறது. கரையாமல் எஞ்சுபவை குவார்ட்ஸ் மணல், கயோலினைட் என்னும் களி, இரும்பு அலுமினிய ஆக்சைடுகள். டிகாஷன் இறக்கிய காப்பித் தூளில் நிறம் இருக்கும், சாரம் இருக்காது. கிள்ளான் மேட்டுச் செம்மண்ணும் அப்படித்தான்.

கயோலினைட் களிக்குச் சத்தைப் பிடித்துவைக்கும் திறனும் குறைவு. மண்ணியலார் பயன்படுத்தும் அலகில் சொன்னால் 100 கிராமுக்கு 3 முதல் 15 வரை. கரிசல் மண்ணில் இருக்கும் ஸ்மெக்டைட் களிக்கு இது 80 முதல் 120 வரை. கரிசலில் போட்ட உரம் தங்கும். இங்கே போட்ட உரம் அடுத்த பெருமழையோடு கால்வாய்க்குப் போகும்.

காரச் சத்து போன இடத்தை ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. மண்ணின் பி.எச். 4க்கும் 5க்கும் இடையே இறங்குகிறது. கரைந்து நிற்கும் அலுமினியம் வேர்நுனியைக் கருக்குகிறது. இரும்பு ஆக்சைடுகள் பாஸ்பேட்டை இறுகப் பிடித்துச் செடிக்குக் கிடைக்காமல் செய்கின்றன. இத்தகைய மண்ணின் அடிப்பகுதியில் காரச் சத்து நிறைவு 35 விழுக்காட்டுக்கும் கீழே. மேலிருந்து இறங்கிய களி கீழே ஓர் அடுக்காகச் சேர்ந்திருக்கும். இவ்விரண்டும் இருந்தால் அது அல்டிசால்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் செம்மண்தான். அங்கே மழைச் சராசரி ஓக்லஹோமாவைப் போலச் சுமார் 900 மி.மீ. காரச் சத்து கழுவிச் செல்லப்படவில்லை, பி.எச். நடுநிலையை ஒட்டி நிற்கிறது. ஆனால் குளிர்காலம் இல்லாததால் இலைமக்கு சேராமல் எரிந்துபோகிறது. எனவே மோலிசாலுக்கு உரிய கருத்த மேல்மண் இல்லை. களி இறங்கிய அடுக்கும் 35 விழுக்காட்டுக்கு மேல் காரச் சத்தும் உள்ள இடங்களில் அது ஆல்ஃபிசால் வரிசையில் சேரும்.

கையில் பிசைந்து பார்த்தால்

ஒரே வரிசைக்குள்ளும் பல மண்கள் உண்டு. அவற்றுக்கு முதலில் அடையாளம் கண்ட ஊரின் பெயரையே சூட்டுவது வழக்கம். கோவைக்கு அருகே இருகூர் வகை இருப்பது போல இங்கே செர்டாங் வகை. வேளாண் பள்ளியாக 1931இல் தொடங்கி இன்று புத்ரா பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் கல்வி நிலையம் இருக்கும் அதே செர்டாங்தான்.

செர்டாங் மண்ணுக்குத் தாய்ப்பாறை மணற்கல். ஒரு பிடி எடுத்து நீர் விட்டுப் பிசைந்தால் விரல்களுக்கிடையே மெல்லிய மணல் நறநறக்கும். ஆனாலும் உருண்டை உடையாது. கட்டைவிரலால் ஆட்காட்டி விரல்மேல் தள்ளித் தள்ளி நாடாவாக இழுத்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் வந்து தானாக முறியும். அதுதான் மணலும் களியும் கலந்த இருமண்பாட்டின் அடையாளம். நீர் நன்றாக வடியும், வேர் ஆழமாக இறங்கும், மண்வெட்டிக்கு மசியும். மேலே மஞ்சள் பழுப்பாகத் தொடங்கிக் கீழே போகப் போகச் சில இடங்களில் செம்மை கூடும்.

களிக்கல்லிலிருந்து வந்த முஞ்சோங் மண் வேறு வித்தை காட்டும். ஆய்வகத்தில் அளந்தால் பாதிக்கு மேல் களி. கையில் எடுத்தாலோ பொலபொலவென்று உதிரும். முதலில் இழுக்கும் நாடா குட்டையாகவே வரும். ஐந்து நிமிடம் விடாமல் பிசைந்தால் நீளும். இரும்பு ஆக்சைடு களித்துகள்களைச் சின்னஞ்சிறு மணிகளாக ஒட்டவைத்து மணல் போலத் தோற்றம் காட்டுவதே காரணம். அல்டிசாலைவிட ஒரு படி அதிகமாகச் சிதைந்த இந்த மண் ஆக்சிசால் வரிசையைச் சேர்ந்தது.

இன்னும் இரண்டு உறவினர்கள் உண்டு. கிழக்கே உலு கிள்ளான், உலு லங்காட் பக்கம் தித்திவாங்சா மலையின் கருங்கல் சிதைந்து ரெங்கம் வகை மண்ணானது. களி அதிகம், அதற்குள் பருமணல் கலந்திருக்கும். மலாக்கா வகையில் ஓர் அடி ஆழம் போகுமுன் செம்பொறைச் சரளை மண்வெட்டியில் இடிக்கும். தோட்டத்துப் பாதைகளுக்கு இந்தச் சரளையைத்தான் கொட்டினார்கள். பாதைக்கு அருமையான பொருள். செடிக்கோ வேர் இறங்க இடமில்லை.

கருங்கல் மண்ணுக்கு ஆபத்தான ஒரு முகமும் உண்டு. பாறை பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்து மண்ணாகிக் கிடப்பதால், வடிகால் கெட்ட சரிவில் நீர் ஊறினால் மொத்தமாக நழுவும். 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தது இத்தகைய சரிவு ஒன்றின் அடிவாரத்தில்தான்.

சிவப்பு முடியும் இடம்

ஆற்றோடு மேற்கே போனால் கிள்ளான் நகரத்தை ஒட்டிச் செம்மேடுகள் முடிந்து கடலோரச் சமவெளி தொடங்குகிறது. கிள்ளான் துறைமுகம், பண்டமாரான், கேரித் தீவுப் பக்கம் மண் சாம்பல் நிறம். கடல் படியவைத்த களி அது. நீர் தேங்கும் இடத்தில் ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு சிவப்பை இழந்துவிடும். மேட்டில் ஹெமடைட்டாக இருந்த அதே இரும்பு, சதுப்பில் கடல்நீரின் கந்தகத்தோடு சேர்ந்து பைரைட்டாகப் புதைகிறது.

நீருக்கடியில் இருக்கும்வரை பைரைட் சாது. கால்வாய் வெட்டி நீர்மட்டத்தை இறக்கினால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிறது. பி.எச். 3.5க்கும் கீழே போகும். வைக்கோல் மஞ்சளில் புள்ளிகள் தெரியும். எனவே கடலோரத் தோட்டங்களில் நீரை வடித்தும் ஆக வேண்டும், பைரைட் அடுக்கு வெளிப்படாமல் நிறுத்தியும் ஆக வேண்டும். அந்தக் கணக்குத் தெரிந்து நடத்தினால் கடலோரக் களியில் செம்பனை செழிக்கும். பால்மரத்துக்கு நல்ல வடிகால் தேவை. அதற்கு உள்நாட்டுச் செம்மேடே ஏற்றது.

லாலான் ஏன் மண்ணை மாற்றவில்லை?

புல்வெளிதான் ஓக்லஹோமாவில் வளமான மண்ணைத் தந்தது என்றால், இங்கே காட்டை அழித்த இடமெல்லாம் படர்ந்த லாலான் புல் ஏன் அதைச் செய்யவில்லை? லாலானுக்கும் மண்ணுக்கடியில் அடர்ந்த கிழங்குவேர் உண்டு. எரித்தாலும் மறுபடி துளிர்க்கும். ஆனால் சேரும் மக்கை வெப்பம் விரைவாகத் தின்றுவிடுகிறது. சத்தை மழை கீழே இறக்கிவிடுகிறது. அடிக்கடி தீப்பிடித்தால் மேலே விழ வேண்டிய தழையும் சாம்பலாகிறது. புல் மட்டும் போதாது, அதற்கேற்ற தட்பவெப்பமும் வேண்டும் என்ற ஜென்னியின் கணக்குக்கு இது நல்ல சான்று.

மழைக்காட்டின் பசுமையைப் பார்த்து மண் கொழுத்தது என்று நம்பிய ஆரம்பகாலத் தோட்ட முதலாளிகள் ஏமாந்ததும் இங்கேதான். காட்டின் சத்து பெரும்பாலும் மரங்களிலும் மேலே கிடந்த சருகிலும் இருந்தது, மண்ணில் அல்ல. மரம் போனதும் சத்தும் போனது. போதாக்குறைக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மரக் காட்டில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று துப்புரவாகக் களையெடுக்கச் சொன்னார்கள். தமிழ்த் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், மண்வெட்டியோடு சரிவுகளைச் சுரண்டித் தீர்த்தார்கள். மொட்டையான சரிவில் பெருமழை விழ, மேல்மண் வண்டி வண்டியாக ஆற்றுக்குப் போனது.

பிற்பாடுதான் பாடம் படித்தார்கள். சமமட்டத்தில் படித்தட்டு வெட்டுவது, வண்டல் குழி தோண்டுவது, பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் போன்ற பயறுவகைக் கொடிகளை மூடுபயிராகப் படரவிடுவது என்று முறை மாறியது. கொடி மண்ணை மூடி மழையின் அடியைத் தாங்கியது. வேர்முடிச்சு நைட்ரஜனையும் சேர்த்தது.

பெயர் சூட்டியவர்கள்

1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து ஜி. ஓவன் 1951இல் மலாயா மண்களுக்கு ஒரு தற்காலிக வகைப்பாட்டை வெளியிட்டார். 1968இல் லா வெய் மின், கே. செல்வதுரை இருவரும் தீபகற்பத்தின் மண் வரைபடத்தை விளக்கி எழுதினார்கள். பின்னர் எஸ். பரமானந்தன் மலேசிய மண்களுக்கென்றே ஒரு வகைப்பாட்டை உருவாக்கினார். இந்நாட்டு மண்களின் இயல்பையும் அவற்றை இனம்காணும் வழியையும் தொகுத்த அவரது நூல் 2000இல் வந்தது. மண்வெட்டி பிடித்த சமூகத்திலிருந்தே மண்ணை அளந்து பெயர் சூட்டியவர்களும் வந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

வீட்டு வாசலில்

வரிசைப் பெயர்கள் பரீட்சைக்கு மட்டும் உரியவை அல்ல. தாமான் வீடுகளின் முன்புறம் பெரும்பாலும் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரப்பிய அடிமண். மேல்மண் எப்போதோ போய்விட்டது. அதில் முருங்கையும் கறிவேப்பிலையும் தங்கவில்லை என்றால் கைராசியைக் குறை சொல்ல வேண்டாம். ஓர் அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். சரளை தட்டுகிறதா, களி வழுக்குகிறதா, மணல் நறநறக்கிறதா? நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கும் எளிய கருவியால் பி.எச். பாருங்கள்.

செம்மண் மேடு என்றால் முதலில் டோலமைட் சுண்ணாம்பு; பிறகு மக்கிய எரு. பாறைப் பாஸ்பேட்டை வேரருகே வையுங்கள். ரசாயன உரத்தை ஒரே தடவை கொட்டாமல் சிறுகச் சிறுகப் பலமுறை போடுங்கள். மண்ணை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள். காய்ந்த இலையாவது மூடியிருக்கட்டும். கடலோரச் சாம்பல் களி என்றால் ஆழத் தோண்டாமல் மேட்டுப்பாத்தி கட்டி நடுங்கள்.

தமிழ்நாட்டு வேளாண் இதழில் செம்மண்ணுக்கு என்று படித்த உர அளவைக் கிள்ளானில் அப்படியே பின்பற்றினால் பணம்தான் கரையும். நிறத்தைப் பார்த்து உரம் வாங்காதீர்கள். மண்ணைப் பிசைந்து, புளிப்பை அளந்து, பிறகு வாங்குங்கள்.